டிஆர்பிவி1 இல்லாத எலியும் பாதத்தை நக்கியதாம், அதனால் நோபலே வீணாம்!

நரம்புக்காரன்:
நேத்து வேறொரு இழையில் தென்னம்பிள்ளை எழுதினது: "டிஆர்பிவி1 மரபணுவை எடுத்த பிறகும் எலி சூட்டுத் தட்டில் பாதத்தை நக்குச்சு. அப்போ அது சூட்டை உணரும் அயனித் தடமே இல்ல. ஜூலியஸுக்கு 2021-ல் கொடுத்த நோபல் வீண்." டிஆர்பிவி1-ங்கிறது சூடோ மிளகாய்க் காரமோ பட்டா திறந்து நரம்புக்குள்ள அயனிகளை விடுற புரதம்; அதைக் கண்டுபிடிச்சவர்தான் டேவிட் ஜூலியஸ். படிச்சதிலிருந்து மனசு ஆறல. எலிக்கூண்டோட எட்டு வருஷம் கிடந்தவன் நான். தட்டு 52 டிகிரிக்கு மேல. சாதா எலி பின்னங்காலை நக்கின நொடியில் கடிகாரத்தை நிறுத்துவோம். இந்த மரபணு இல்லாத எலி அதைவிட நெடுநேரம் நிக்கும். மிளகாய்க் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் கலந்த தண்ணியையும் எரிச்சல் தெரியாம மடமடன்னு குடிக்கும். ஜூலியஸ் குழு 2000-லேயே காட்டினது இது.

தென்னம்பிள்ளை:
லேட்டாவோ சீக்கிரமாவோ, நக்குச்சா இல்லையா?

நரம்புக்காரன்:
நக்குச்சு. அதனால?

தென்னம்பிள்ளை:
அதே 2000-ல் இன்னொரு குழுவும் அதே மரபணுவை எடுத்துச்சு. சும்மா சூடு காட்டினப்போ வித்தியாசமே இல்லன்னு எழுதினாங்க. அதை ஏன் மறைக்கிறீங்க?

நரம்புக்காரன்:
மறைச்சது நீங்க. வீங்கின பாதத்தில் வழக்கமா கூடுற சூட்டெரிச்சல் அந்த எலிக்கு வரலன்னும் அதே கட்டுரையில இருக்கு. பாதியைப் படிச்சிட்டுப் பேசுறது உங்க பழைய பழக்கம், தம்பி. 2018-ல் பெல்ஜியத்தின் லூவன் குழு டிஆர்பிவி1-ஓட, சூட்டை உணரும் வேற ரெண்டு தடமான டிஆர்பிஎம்3, டிஆர்பிஏ1 மூணையும் சேர்த்து எடுத்தாங்க. சுடுற சூட்டுக்கு வாலை இழுக்கிறதே நின்னுபோச்சு. குளிரும் ஊசிக்குத்தும் மட்டும் உறைச்சுது. மூணுல ஒண்ணு மிச்சமிருந்தாலும் எலி தப்பிச்சுக்கும்.

குயவன்மகள்:
'தடம்'னு எழுதாதீங்க. திறந்து மூடுறதுக்குப் பேர் வாயில்.

நரம்புக்காரன்:
போன மாசம் 'ஏற்பி'க்குச் சண்டை, இப்ப 'தடம்'. எலியைப் பத்தி ஒரு வரியாவது எழுதுங்கம்மா.

குயவன்மகள்:
தப்பான சொல்லைப் பிடிச்சுக்கிட்டு என்னை ஏன் ஏசுறீங்க?

மலைச்சாரல்:
டிஆர்பிவி1 இல்லாத எலிக்கு உடம்புச்சூடு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா டிஆர்பிவி1-ஐ அடைக்கிற ஏஎம்ஜி 517 மருந்தை மனுஷங்களுக்குக் கொடுத்தப்போ 40 டிகிரி வரை ஏறிச்சே! எலியை நம்பலாமா?

நரம்புக்காரன்:
நம்பணும். இந்த மாதிரி மருந்து சாதா எலிக்கும் சூட்டை ஏத்தும், மரபணு இல்லாத எலிக்கு ஏத்தாது. மருந்து வேற எங்கயும் கை வைக்காம டிஆர்பிவி1 வழியாத்தான் சூட்டை ஏத்துதுன்னு காட்டிக்கொடுத்ததே அந்த எலிதான்.

தென்னம்பிள்ளை:
மூணை எடுத்தப்புறந்தானே நின்னுச்சு? ஒண்ணை எடுத்தப்போ நக்குச்சுல்ல. ஒத்துக்கிட்டீங்கல்ல.

நரம்புக்காரன்:
எத்தனை நொடி கழிச்சுன்னு கேளுங்கன்னுதான் காலையிலிருந்து கத்துறேன்!

குயவன்மகள்:
வாயில்.