நடுகல்லுல பிஎச்டி பண்றேன், வெளியில யாரையும் தெரியல, வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, நான் அரூர் பக்கம், நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி நடுகல்லுங்க (செத்த வீரனுக்கு நட்டு வெச்ச கல்லு) மேல பார்ட் டைம் பிஎச்டி, ரெண்டாவது வருஷம். போன வாரம், நடுகல்லையே சாமியா கும்புடுற ஒரு வேடியப்பன் கோயில்ல கல்லு மேல எண்ணெயும் மஞ்சளும் அப்பி எழுத்தே தெரியல, பூசாரி அண்ணன் வேற "போட்டோ எடுத்துக்கோ தம்பி, தொடாத"ன்னுட்டாரு, டார்ச்ச சைடுல சாய்ச்சுப் புடிச்சுதான் ரெண்டு வரி தேறுச்சு.

இத யார்கிட்ட காட்றதுன்னே தெரியல. டிபார்ட்மென்ட்ல கேட்டா "முதல்ல தீசிஸ முடி"ங்குறாங்க, அதெல்லாம் ஒரு பதிலா?

பாண்டிச்சேரில 1955ல ஆரம்பிச்ச பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் இருக்கு, நம்ம ஊர்லருந்து பஸ்ஸுலயே போயிரலாம், அங்க லைப்ரரிக்கு கைடு லெட்டர் வேணுமா, இல்ல நேரா போனா விடுவாங்களா? அப்புறம் நெதர்லாந்து லைடன்ல இருக்குற ஐஐஏஎஸ்ங்குற ஆசிய ஆய்வு நிறுவனம் சம்பந்தப்பட்ட ஐகாஸ் (ஆசியா பத்தி ஆராய்ச்சி பண்றவங்களோட சர்வதேச மாநாடு), 1998லருந்து நடக்குது, அதுக்கு தனியா அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரைச் சுருக்கம்) அனுப்பினவங்க யாராச்சும் இருக்கீங்களா? டிக்கெட் காசுக்கு டிராவல் கிராண்ட் எங்க கேட்டீங்க? என் இங்கிலீஷ் சுமார்தான், அனுப்புறதுக்கு முன்னாடி அப்ஸ்ட்ராக்ட்ட ஒருதடவ படிச்சுப் பாக்க ஆள் கெடச்சா பெரிய உதவி. கமென்ட்லயே சொல்லுங்க, இன்பாக்ஸும் ஓகே.