சணல் கயிறு கையைக் குத்துகிறது, எப்படி மிருதுவாக்குவது?

கேள்வி: 6 மி.மீ. முப்புரிச் சணல் கயிறு, 8 மீட்டர் துண்டுகள். விறைப்பாக இருக்கிறது, பிசிறு குத்துகிறது, மண்ணெண்ணெய் வாடை வேறு. கொதிக்க வைக்கலாமா? முறுக்கு விட்டுப்போகும் என்கிறார்களே?

பதில் 1: அந்த வாடை ஆலையில் நாரைப் பதப்படுத்தத் தெளிக்கும் எண்ணெயுடையது. வாடை பொறுக்க முடியாவிட்டால் மட்டும் வேகவையுங்கள். முதலில் இரு நுனிகளையும் நூலால் இறுகச் சுற்றிக் கட்டுங்கள். அதை விட்டால்தான் புரி பிரியும். தளர்வாகச் சுருட்டி, மூழ்கும் அளவு தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, மிதமான சூட்டில் 15 நிமிடம். கிளறவே கூடாது. தண்ணீர் பழுப்பாகும், பயப்பட வேண்டாம்.

உலர்த்துவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நனைந்த நார் பருக்கும், கயிறு நீளத்தில் குறுகும். சும்மா கொடியில் போட்டால் ஒரு புரி மட்டும் துருத்திக்கொண்டு அப்படியே காய்ந்துவிடும். இரண்டு கம்பங்களுக்கு இடையே இழுத்துக் கட்டுங்கள். காயக் காயத் தொய்யும், மறுபடி இழுத்துவிடுங்கள். ஆனால் எடை தொங்கவிடாதீர்கள், ஈரச் சணலுக்கு வலு குறைவு.

பதில் 2: விறைப்பை எடுப்பது வெந்நீரை விட உராய்வுதான். வழவழப்பான இரும்பு வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முழு நீளத்தையும் முன்னும் பின்னும் 20 முறை இழுங்கள். தூசி கொட்டும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். பிறகு பிசிறைப் பொசுக்க வேண்டும். கேஸ் அடுப்பின் நீலச் சுடர் போதும். மெழுகுவத்தி கரி பிடிக்கவைக்கும். கயிறு நிற்காமல் நகர வேண்டும், ஓரிடத்தில் தங்கினால் புரியே கருகும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். முடிந்ததும் ஈரத்துணியால் கரியைத் துடைத்துக் காயவிடுங்கள்.

பதில் 3: எண்ணெய் பொசுக்கிய பிறகுதான். முன்பே தடவினால் தீப்பிடிக்கும். 8 மீட்டருக்கு அரை டீஸ்பூன் ஹோஹோபா எண்ணெயை (jojoba, ஒரு செடியின் விதையிலிருந்து எடுப்பது) துணியில் தேய்த்து, அந்தத் துணிக்குள் கயிற்றை இழுத்தால் போதும். பிசுபிசுத்தால் அதிகம் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். சமையல் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் வேண்டவே வேண்டாம்: காய்ந்து விறைக்கும், கசக்கிப் போட்ட எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. தேங்காய் நார்க் கயிற்றுக்கும் இதே முறையா?

பதில் 2: பலன் இருக்காது. அதில் லிக்னின், அதாவது நாரை விறைப்பாக்கும் பொருள், அதிகம், எவ்வளவு வேகவைத்தாலும் முரடுதான். இன்னொன்று, வேகவைத்துப் பொசுக்கிய சணலில் ஊஞ்சல் கட்டாதீர்கள். வலு எவ்வளவு போயிற்று என்று பார்த்துச் சொல்ல முடியாது.