1804 வெள்ளி டாலர்: நாணயமா, பழைய தேதி போட்ட பரிசுப் பொருளா?

விளிம்பெழுத்து:
1804 என்று பொறித்த அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று 2021-இல் 76.8 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதை ‘நாணயங்களின் அரசன்’ என்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. பிலடெல்பியா அக்கசாலையின் (காசு அடிக்கும் அரசு ஆலையின்) பதிவேட்டில் 1804-க்கு 19,570 டாலர் என்ற கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அச்சு தேயும்வரை பழைய அச்சையே ஓட்டுவது அன்றைய வழக்கம். அந்தக் காசுகளில் இருந்தது 1803 அல்லது அதற்கு முந்தைய ஆண்டு. 1804 தேதியுள்ள அச்சு 1834-இல்தான் வேலைக்கு வந்தது. முப்பது ஆண்டு பழைய தேதியைப் போட்டு அடித்ததை நாணயம் என்று எப்படிச் சொல்வது?

அக்கசாலையான்:
ஏன் அடித்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்களே, நண்பரே. ஆசிய மன்னர்களுக்குப் பரிசளிக்க, புழக்கத்திலுள்ள ஒவ்வொரு வகைக் காசிலும் ஒன்று வேண்டும் என்று 1834-இல் வெளியுறவுத் துறை கேட்டது. வெள்ளி டாலரும் பத்து டாலர் தங்கக்காசும் கடைசியாக 1804-இல் அடிக்கப்பட்டதாகப் பதிவேடு சொன்னது. அதனால் அந்த ஆண்டையே பொறித்தார்கள். ஏமாற்றும் எண்ணம் இதில் எங்கே இருக்கிறது? தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் 1835-இல் மஸ்கட் சுல்தானுக்கும் 1836-இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னருக்கும் பரிசுக்காசுப் பெட்டிகளைக் கொடுத்தார். அதே 1836-இல் சீனக் கரையிலுள்ள மக்காவ் (Macau) நகரில் இறந்துபோனார். சயாம் பெட்டி 1962-இல் வெளியே வந்தபோது, 1834 தேதியிட்ட சில்லறைக் காசுகளுக்குப் பக்கத்திலேயே 1804 டாலரும் இருந்தது. அரசாணைப்படி, அரசு அக்கசாலையில், சட்டப்படியான 416 கிரெய்ன் (26.96 கிராம்) எடையில் அடித்த காசு அது.

விளிம்பெழுத்து:
அரசாணை பரிசுக்குத்தானே? மேத்யூ ஸ்டிக்னி என்ற சேகரிப்பாளர் 1843-இல் ஓர் அரிய தங்கக்காசைக் கொடுத்து, அக்கசாலையிடமிருந்தே 1804 டாலர் ஒன்றை வாங்கிக்கொண்டார். எந்த மன்னருக்கான பரிசு அது?

எடைக்கல்:
இருவரும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். இன்று தெரிந்தவை மொத்தம் 16. முதல் வகை எட்டு. அக்கசாலையான் சொல்வது இவற்றுக்கு மட்டுமே பொருந்தும். மூன்றாம் வகை ஏழு. 1858-ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும் அக்கசாலைக்குள்ளேயே சிலர் திருட்டுத்தனமாக அடித்தவை. இரண்டாம் வகை ஒன்றே ஒன்று, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தனித் தகட்டில்கூட அடிக்கவில்லை. 1857 பெர்ன் துப்பாக்கி சுடும் விழாவின் சுவிஸ் தாலரை (பெரிய வெள்ளிக்காசை) எடுத்து, அதன் மேலேயே அச்சைப் போட்டிருக்கிறார்கள். பழைய சுவிஸ் உருவத்தின் கோடுகள் இன்றும் அடியில் தெரிகின்றன; பக்கவாட்டு விளிம்பில் எழுத்தே கிடையாது. 1804 தேதிக்குக் கீழே 1857 ஒளிந்திருக்கிறது! இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டுமா?

முதல் வகையில் ‘ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்’ என்ற விளிம்பெழுத்தைத் தகட்டில் முதலில் உருட்டிவிட்டு, பிறகு காசை அடித்தார்கள். இறுக்கமான வளையத்துக்குள் வைத்து அடித்ததால் எழுத்துகள் அங்கங்கே நசுங்கின. மூன்றாம் வகையில் அடித்து முடித்த பிறகே எழுத்தை உருட்டினார்கள். பின்புற அச்சும் வேறு. கழுகின் மேலுள்ள மேகங்களையும் ‘ஸ்டேட்ஸ்’ என்ற சொல்லின் எழுத்துகளையும் ஒப்பிட்டால், இரண்டும் சேரும் இடம் மாறியிருக்கும். என் கருத்தில் முதல் வகை நாணயம். மூன்றாம் வகை அக்கசாலை முறைகேட்டின் தடயம்.

காசுப்பை:
விற்பனைக்கு வரும் 1804 டாலர்களை எப்படிச் சோதிப்பது?

எடைக்கல்:
இதுவரை தெரிந்தவை பதினாறு மட்டுமே. ஆகவே புதிதாக வருவதைப் போலி என்று எடுத்துக்கொண்டே தொடங்குங்கள். முதலில் காந்தம், ஒட்டினால் அங்கேயே முடிந்தது. அடுத்து எடை, 26.96 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு நூலில் கட்டி, காற்றுக்குமிழி ஒட்டாமல் தண்ணீரில் தொங்கவிடுங்கள். அடியைத் தொடக்கூடாது. ஆயிரத்தில் 892 பங்கு தூய வெள்ளி என்றால் எடை சுமார் 2.62 கிராம் குறையும். மூன்று கிராமுக்கு மேல் குறைந்தால் அது வெள்ளியே அல்ல.

இதோடு நிறுத்தினால்தான் ஏமாறுவோம். அசல் 1800, 1801, 1803 டாலர்களின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி 4 ஆக்கியிருப்பார்கள். எடையும் உலோகமும் சரியாகவே இருக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கியில், பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த 4-ஐச் சுற்றிப் பாருங்கள். சுரண்டிய பள்ளமோ, பளபளப்பு மாறிய திட்டோ இருக்கும். காசு முகத்தின் ஓரத்தைப் பார்ப்பது இன்னும் எளிது. பழைய டாலர்களின் ஓரத்தில் நீண்ட பற்கள் இருக்கும். 1834-இல் செய்த அச்சில் உயர்ந்த ஓரமும் மணி மணியான புள்ளிகளும் உண்டு. தேதியைத் திருத்தலாம், சுற்றிலும் உள்ள அத்தனை பற்களையும் மணிகளாக மாற்ற முடியாது.

அக்கசாலையான்:
மூன்றாம் வகை பற்றி ஒத்துக்கொள்கிறேன். ஸ்டிக்னி காசு விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொடுத்தது அக்கசாலை, அதுவும் வெளிப்படையாக. முந்தைய ஆண்டே அக்கசாலை அதிகாரிகளின் நூலில் இந்தக் காசின் படம் வந்துவிட்டது. கள்ளத்தனம் என்றால் படம் போடுவார்களா?

விளிம்பெழுத்து:
முதல் வகைக்குப் பரிசுக்காசு என்ற பெயரைத் தருகிறேன், அதற்கு மேல் இல்லை. 2021-இல் விற்ற காசு மஸ்கட் சுல்தானுடையது என்கிறார்களே, அது கைமாறி வந்த சங்கிலியிலும் ஒரு கண்ணி இல்லை. லிவர்பூல் சேகரிப்பாளர் வாட்டர்ஸ் கையிலிருந்து 1917-இல் விற்பனையானதிலிருந்து கணக்கு சுத்தமாக இருக்கிறது. சுல்தானிடமிருந்து வாட்டர்ஸிடம் வந்த வழிக்கு எழுத்துச் சான்று ஒன்றைக் காட்டுங்கள், மேலே பேசலாம்.