வல்வை வீட்டார் குழு: ஏரிக்குள் இறங்கும் தண்டவாளம்

செந்தூரன் (ஒன்ராறியோ): பெரியப்பா, படகைச் சக்கர வண்டியில் ஏற்றி இறக்கக் கரையிலிருந்து ஏரிக்குள் தண்டவாளம் போடப் போகிறேன். 16 அடிப் படகு, எஞ்சினோடு 700 கிலோ. தண்ணீருக்குள் 15 அடி போதுமா?

பெரியப்பா: சரிவு எவ்வளவு?

செந்தூரன்: 10 அடிக்கு 1 அடி.

பெரியப்பா: அப்போ அந்த இடத்தில் ஒன்றரை அடி ஆழம்தான். படகு எங்கே மிதக்கும்? தண்டவாளத்திலிருந்து படகு உட்காரும் கட்டைக்கு 1 அடி, படகு அமிழ்வது ஒன்றரை அடி, கையிருப்பாக அரை அடி. மொத்தம் 3 அடி ஆழம். அதற்கு 30 அடி ஓட வேணும். அதுவும் வண்டியின் கரைப்பக்கச் சக்கரத்துக்கு. வண்டி நீளம் 12 அடியையும் கூட்டு.

செந்தூரன்: 42 அடியா!!

பெரியப்பா: ஓம். ஏரி வற்றிக் கிடக்கும் மாதத்து நீர்மட்டத்திலிருந்து அள.

குமரன் (லண்டன்): மச்சான், பேசாமல் டிரெய்லரில் வைத்துத் தள்ளு 😂

செந்தூரன்: கரை முழுக்கப் பாறை. டிரெய்லர் இறங்காது.

அபி அக்கா: வண்டியைக் கம்பிக்கயிற்றால் கரைக்கு இழுக்கும் வின்ச் எத்தனை கிலோ இழுக்க வேணும்?

பெரியப்பா: வண்டியோடு 1,000 கிலோ என்றால் இந்தச் சரிவில் 100 கிலோதான் இழுவை. ஆனால் உராய்வு இருக்கு, சக்கரத்தில் பாசியும் மணலும் அடைக்கும், படகுக்குள் மழைத்தண்ணீர் நிற்கும். 300-க்குக் குறையாமல் வாங்கு. கம்பிக்கயிறு இழுபடும்போது அதன் நேருக்கு ஒருவரும் நிற்கக்கூடாது. பிள்ளைகளைக் கிட்டவே விடாதே.

பெரியப்பா: வண்டி மரத்திலா?

செந்தூரன்: ஓம்.

பெரியப்பா: அப்போ அடியில் இரும்பு கட்டு. படகு கழன்றதும் வெறும் மரவண்டி மிதந்து தடம் விலகிவிடும். இரண்டு பக்கமும் தண்ணீருக்கு மேல் தெரிகிற மாதிரிக் கம்பம் நிறுத்து. திரும்பி வரும்போது படகை எதற்குள் நுழைப்பது என்று தெரிய வேண்டாமா?

அபி அக்கா: குளிர்காலத்தில் ஏரி உறையுமே?

செந்தூரன்: கீழ்ப்பகுதியைக் கழற்றிக் கரைக்கு இழுத்துவிடுவேன் அக்கா. பனிக்கட்டி நகர்ந்தால் இரும்பையே முறுக்கிவிடும்.

குமரன்: மாமா, நம் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிக் கப்பல் 1938-ல் போய்ச் சேர்ந்த அமெரிக்கக் குளொஸ்ரரிலும் இப்படி ஒன்று இருக்காமே?

பெரியப்பா: இருக்கு. மீன்பிடிக் கப்பல்களையே கரையேற்றுகிற பெரிய தண்டவாளம், 1849-லேயே போட்டது. நம் ஊரில் உருளைக்கட்டையும் ஊர்ச்சனத்தின் தோளும்தான் 😄

பெரியப்பா: தம்பி, ஏரியின் அடி அரசாங்கத்துக் காணி அல்லவா? அனுமதி கேட்டாயா?

செந்தூரன்: திங்கட்கிழமை கேட்கிறேன்.

பெரியப்பா: அதுவரை இரும்பு வாங்காதே.