ஏலியன் வரிசையில் எது? காரைக்குடித் திரையிடலுக்கு உதவுங்கள்

வணக்கம். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு வளவில், வேற்றுக்கோள் உயிரிகளைப் பற்றிய ஏலியன் வரிசைப் படம் ஒன்றைத் திரையிடுகிறோம். எது சிறந்தது என்பதில் குழு பிளந்து நிற்கிறது: ரிட்லி ஸ்காட்டின் 1979 படமா, ஜேம்ஸ் கேமரூனின் 1986 படமா?

முதலாவது ஒரே ஓர் உயிரியை வைத்து அச்சத்தை மெல்லக் கூட்டுகிறது. கும்மிருட்டு இல்லாவிட்டால் பாதி போய்விடும். இரண்டாவது 137 நிமிடம். நீண்ட பதிப்பு 154. நீண்டதில் நாயகி ரிப்ளியின் மகளைப் பற்றிய காட்சி உண்டு, நியூட் என்ற சிறுமி மேல் ரிப்ளிக்கு வரும் பாசம் அங்கேதான் வேர்விடுகிறது. ஆனால் குடியேற்றக் காட்சிகள் மர்மத்தை முன்பே உடைத்துவிடுகின்றன. எந்தப் பதிப்பைப் போடலாம்?

வாக்கை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தியே போடுங்கள். ஒற்றை வாக்கு என்றால் 1992இல் வந்த மூன்றாம் படத்துக்கு விழும் சில வாக்குகளே முடிவைப் புரட்டிவிடும்.

அடுத்தது திரை. முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் என்பதால் வழவழப்பில் ஒளி நடுவில் திட்டாகத் தெறிக்கிறது, கறுப்பு சாம்பலாகிறது. 8 அடி அகலத் துணி கட்டினால், முதல் படத்தின் சட்டம் இன்னும் அகலமானது என்பதால் சுமார் 3.4 அடி உயரமே வரும், இரண்டாவது 4.3. ஆத்தங்குடிக் கல் தரையில் எதிரொலி வேறு. ஜமுக்காளம் விரித்தால் போதுமா, சுவருக்கும் துணி வேண்டுமா? மங்கலான பூச்சுள்ள திரைத்துணி பக்கத்தில் எங்கே கிடைக்கும்?