ரப்பர் பலகையில் நீலம் பாய்ந்து, மாவும் கொட்டுகிறது. எங்கே தப்பு?

கேள்வி (கும்பகோணம்): மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் கட்டை ஒரு லோடு. மரம் வெட்டி ஆறாம் நாள்தான் அறுத்தோம். கட்டில் சட்டத்துக்கு 1 அங்குலப் பலகை. அறுக்கும்போதே முனைகளில் நீலத் திட்டு. இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கி ஒரு மாதம் காயவிட்டு, போராக்ஸ் கரைசல் பிரஷ்ஷில் இரண்டு கை அடித்தோம். இப்போது குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், அடியில் கோலமாவு போல் தூள். மருந்து அடித்தும் ஏன்?

பதில்: நீலம் வேறு, ஓட்டை வேறு. நீலம் பூஞ்சை. மரத்திலுள்ள சர்க்கரையைத் தின்னும். பலம் பெரிதாகக் குறையாது. உள்ளே ஓடியிருப்பதால் இழைத்தாலும் போகாது, பெயிண்ட் வேலைக்குத் தள்ளுங்கள். ஓட்டை வண்டு போடுவது. தேக்குக்கு வைரம் (நடுவிலுள்ள முற்றிய கட்டை) காவல். ரப்பருக்கு அது இல்லை, உடம்பெல்லாம் மாவுச்சத்து. காய்ந்த பலகையில் பிரஷ் அடித்தால் மருந்து மேல்தோலோடு நின்றுவிடும். போராக்ஸில் உள்ள போரான்தான் மருந்து; அது மரத்தின் ஈரத்தில் கரைந்துதான் உள்ளே நகரும். நீங்கள் அந்த ஈரத்தைக் காயவிட்ட பிறகு மருந்தை எடுத்திருக்கிறீர்கள்.

கேட்டவர்: சரிங்க. மருந்தை அழுத்தத்தில் ஏற்றும் பிரஷர் சிலிண்டர் இங்கே இல்லை. அடுத்த லோடுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் பச்சையாகவே முடிக்கணும். வெட்டி இரண்டு நாளுக்குள் அறுப்பு, அறுத்த அன்றே தொட்டி. 100 லிட்டர் தண்ணீருக்கு போராக்ஸ் 6 கிலோ, போரிக் ஆசிட் 4 கிலோ. வெந்நீரில் கரையுங்கள்; ஆறினால் அடியில் உப்பாய்ப் படியும். 50 டிகிரி சூட்டில் பலகையை முக்கால் மணி நேரம் முக்கி எடுத்து, ரீப்பர் இல்லாமல் நெருக்கி அடுக்கி, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் விடுங்கள். அதன் பிறகுதான் ரீப்பர். 2 அங்குலக் கட்டைக்கு இந்தக் கணக்கு போதாது. அதை சிலிண்டர் உள்ள இடத்துக்கு அனுப்புவதே மேல்.

இன்னொருவர்: மருந்து நடு வரை போனதா என்று மஞ்சளே சொல்லிவிடும். பலகையை நீளத்தின் நடுவில் குறுக்காக அறுங்கள் (முனை எப்போதும் அதிகம் குடிக்கும், ஏமாற்றும்). மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்துத் தெளித்து, காய்ந்ததும் சாலிசிலிக் ஆசிட் கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கரைசல். கையுறை கட்டாயம். போரான் இருக்குமிடம் சிவக்கும். நடுவில் மஞ்சளாகவே நின்றால் அங்கே வண்டுக்கு விருந்துதான்.

கேட்டவர்: இப்போது உளுத்த பலகை?

பதில்: தனியே ஒதுக்குங்கள். மரம் உலர்த்தும் சூளையில் பலகையின் நடுப்பகுதி வரை 60 டிகிரிக்கு மேல் சூடேறினால் புழு சாகும். ஆனால் அது காவல் இல்லை, வண்டு மறுபடி வரும். மருந்து ஏறிய பலகையும் ஐப்பசி அடைமழையில் நனையக்கூடாது. போரான் கரைந்து வெளியேறிவிடும்.