ஆச்சியின் உருளியைப் பார்த்தவர்கள் உண்டா?

குழு: தெக்கு வீட்டு ஆட்கள்
வியாழக்கிழமை

சுரேஷ் அண்ணன் (காலை 7:12): எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை புது வீட்டுப் பால்காய்ப்புக்கு பார்வதிபுரம் வரை வந்ததற்கு நன்றி. ஒரு விஷயம். ஆச்சியின் வெண்கல உருளியைக் காணவில்லை. பிரதமன் கிண்டினோமே, அதேதான். யாராவது தெரியாமல் எடுத்துப் போயிருந்தால் சொல்லுங்கள்.

பெரியம்மை: [குரல் பதிவு 2:41]

திவ்யா: வகுப்பில் இருக்கிறேன், கேட்க முடியாது. பெரியம்மை என்ன சொன்னார்கள்?

சுரேஷ் அண்ணன்: பாதி அழுகை. அடுத்த வெள்ளி ஆச்சிக்கு முதல் ஆண்டுத் திதி. அந்த உருளியில்தான் பாயசம் வைக்க வேண்டுமாம்.

பெரியப்பா: ஞாயிறு மதியம் 3 மணிக்கு மேல் அடுக்களைப் பக்கம் இருந்தவர்கள் தங்கள் விவரத்தை இங்கே எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

விக்னேஷ் பெங்களூர்: பெரியப்பா, நீங்கள் தாலுகா ஆபீஸை விட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது

அப்பா: 😂

தங்கம் சித்தி: பாத்திரக்காரன் வண்டியில் அண்டாவோடு அண்டாவாக ஏறிப் போயிருக்கும். அவனைக் கேளுங்கள்.

சுரேஷ் அண்ணன்: கேட்டாச்சு சித்தி. அவனிடம் இருப்பது எல்லாம் அலுமினியமும் எவர்சில்வரும். வெண்கலம் ஏறியிருந்தால் தூக்கும்போதே தெரியும் என்கிறான்.

விக்னேஷ் பெங்களூர்: புது வீட்டில் கேமரா வைத்தீர்களே?

சுரேஷ் அண்ணன்: வைத்தேன் மக்கா. இன்னும் கனெக்‌ஷன் கொடுக்கவில்லை.

ராஜன் சித்தப்பா: இதோடு இன்னொன்று. என் கார் டிக்கியைச் சுற்றி இரண்டு நாளாக ஒரே எறும்பு. என்ன போடலாம்?

பெரியப்பா: மஞ்சள்பொடி.

அப்பா: பெயின்டில் பிடித்துக்கொள்ளும். சாக்பீஸ் மருந்து இருக்கிறதே, அதில் டயரைச் சுற்றிக் கோடு போடு.

அம்மா: வண்டியில் பலகாரம் வைத்துத் தின்றால் எறும்பு வராமல் என்ன செய்யும்?

ராஜன் சித்தப்பா: எனக்கு ஷுகர் மைனி. பால்காய்ப்பில் பிரதமனைத் தொடக்கூட இல்லை. உங்கள் தங்கச்சி சாட்சி.

தங்கம் சித்தி: 👍

விக்னேஷ் பெங்களூர்: விசாரணையை சரோஜா மாமியிடம் ஒப்படைத்துவிடலாம். நம் குடும்பத்து மிஸ் மார்ப்பிள் அவர்தானே.

சரோஜா மாமி (9:40): விக்னேஷ், நீ கேலிக்குத்தான் சொன்னாய், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். 1927 டிசம்பரில் ஒரு பத்திரிகைச் சிறுகதையில்தான் அந்தத் துப்பறியும் கிழவி முதலில் வந்தாள். 1930-ல் முதல் நாவல். அகதா கிறிஸ்டி அவளை வைத்து எழுதிய நாவல்கள் மொத்தம் 12. அந்த முதல் கதையில் ஒரு வீட்டில் கூடியிருக்கிறார்கள். ஓவியம் வரைகிற பெண், பாதிரியார், வக்கீல், ஸ்காட்லாண்டு யார்டில் கமிஷனராக இருந்தவர், அப்புறம் கதை எழுதுகிற மருமகன். ஆளுக்கொரு மர்மம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் விடை கண்டுபிடிக்க வேண்டும் என்று பேச்சு. தலையை எண்ணுகிறார்கள், ஐந்து. பின்னல் பின்னிக்கொண்டிருந்த கிழவி, என்னை மறந்துவிட்டீர்களே என்கிறாள். இத்தனைக்கும் அது அவள் வீடு! இவர்கள் அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளை எண்ணாமல் விடுகிறார்கள்.

விக்னேஷ் பெங்களூர்: அந்த மருமகன் நான்தானா 🙄

சரோஜா மாமி: அவன் கவிதையும் எழுதுவான்.

அப்பா: 😂😂

பெரியப்பா: எங்கள் காலத்தில் சங்கர்லால். தமிழ்வாணன் எழுத்து. ஒரு தேநீர் குடித்தால் போதும், கேஸ் முடிந்தது.

அப்பா: பரத் சுசீலாவை விட்டுவிட்டீர்களே. சுசீலா டி-ஷர்ட்டில் என்ன வாசகம் போட்டிருக்கிறாள் என்று பார்ப்பதற்கே வாங்குவோம்.

அம்மா: திவ்யா இந்தக் குழுவில் இருக்கிறாள்.

சரோஜா மாமி: அதைத்தான் சொல்ல வந்தேன். வடசேரி வாடகை நூலகத்தில் நான் எடுத்த புத்தகங்களில் துப்பறிகிறவர்களின் பெயர் வரிசையைப் பாருங்கள். பரத் சுசீலா. நரேந்திரன் வைஜெயந்தி. விவேக் ரூபலா. பெண் எப்போதும் இரண்டாவது. கணேஷ் வசந்தில் அதுவும் இல்லை. வைஜெயந்திக்காவது ஏஜென்சியில் நாற்காலி உண்டு. நம் கிழவிக்கு ஆபீஸ் இல்லை, சம்பளம் இல்லை, கையில் ஒரு பின்னல் ஊசி, கண்ணுக்கு ஒரு தோட்டம். குருவி பார்க்கிறேன் என்று பைனாகுலரை வைத்துக்கொண்டு ஊரையே பார்ப்பாள்.

பெரியப்பா: அதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

சரோஜா மாமி: வம்பு. தெரியும் அண்ணே. ஆண்கள் டீக்கடையில் பேசினால் அது அரசியல்.

திவ்யா: நான்சி ட்ரூவும் 1930-தான் மாமி. 16 வயதில் நீலக் காரை ஓட்டிக்கொண்டு துப்பறிவாள். அட்டையில் கரோலின் கீன் என்று இருக்கும், அப்படி ஒரு ஆளே கிடையாது. பல பேர் எழுதியது.

அம்மா: வகுப்பைக் கவனி.

சுரேஷ் அண்ணன்: உருளி?

சரோஜா மாமி: அதற்குத்தான் வருகிறேன். அந்த முதல் கதையில் மை ஒற்றுகிற தாளில் 'நூறுகளும் ஆயிரங்களும்' என்று இரண்டு வார்த்தை பதிந்திருக்கும். வாசிக்கிறவர்களுக்குப் பணம் என்றுதான் தோன்றும். இங்கிலாந்தில் பலகாரத்தின் மேல் தூவுகிற கலர் மிட்டாய்க்கு அதுதான் பெயர் என்பது அடுக்களைக்குள் போகிறவளுக்குத்தான் தெரியும். விஷம் எதில் இருந்தது என்றால்

திவ்யா: மாமி!! முடிவைச் சொல்லாதீங்க

சரோஜா மாமி: சரி. சுரேஷ், மூன்று கேள்வி. பிரதமன் மிச்சம் வந்ததா? உருளியைத் தேய்த்தது யார்? தக்கலையிலிருந்து வந்த ஜமுக்காளம் எத்தனை?

விக்னேஷ் பெங்களூர்: ஜமுக்காளமா??

சுரேஷ் அண்ணன்: சமையல் செய்த தவசிப்பிள்ளை மிச்சத்தை வழித்துத் தூக்குச்சட்டியில் போட்டார். உருளியில் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கவிழ்த்தார். தேய்க்கவில்லை, இருட்டிக்கொண்டு மழை வந்துவிட்டது. ஜமுக்காளம் இரண்டு.

சரோஜா மாமி: அப்படியானால் கைப்பிடி வளையத்தில் கருப்பட்டிப் பாகு அப்படியே இருக்கும். திவ்யா, நாலரை மணிக்குத் திண்ணையில் நின்று எடுத்தாயே, அந்தப் படத்தை மறுபடி போடு.

திவ்யா: [படம்]

திவ்யா: அய்யோ, இதில் என் கண் மூடியிருக்கிறது

சரோஜா மாமி: உன் கண்ணை விடு. பின்னால் சுவரோரம் இரண்டு சுருள். ஒன்று ஒல்லி. இன்னொன்று நிறைமாசக்காரி மாதிரி. கட்டியிருக்கிற கயிறு வாழைநார்.

அப்பா: ஆமா லே!

விக்னேஷ் பெங்களூர்: பெரிதாக்கிப் பார்த்தேன். அடப்பாவி.

சரோஜா மாமி: ராஜன், டிக்கியைத் திற.

ராஜன் சித்தப்பா: அதில் ஜமுக்காளம் மட்டும்தான் அக்கா. வெயில் வரட்டும், காயப்போட்டு உள்ளே வைக்கலாம் என்று அப்படியே விட்டேன். இங்கே மழை.

சரோஜா மாமி: குடை பிடித்துக்கொண்டு திற.

தங்கம் சித்தி: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

பெரியப்பா: என்ன அழித்தாய் தங்கம்?

விக்னேஷ் பெங்களூர்: மாமி, சுருட்டி வைத்தது யார் என்றும் சொல்லிவிடுங்கள். கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்துச் சொல்வார்களே.

சரோஜா மாமி: அந்தக் கிழவிக்கு ஒரு வழக்கம். யாரைப் பார்த்தாலும் தன் ஊரில் ஒருத்தரைப் போல் இருக்கிறார் என்பாள். எனக்கு நம் மேலத்தெருவில் இருந்த சுப்பம்மை ஞாபகம் வருகிறது. மாமியார் போனபின் பாத்திரம் பங்கு வைத்தபோது அம்மிக் குழவியை மட்டும் காணவில்லை. இவள்தான் வைக்கோல் போருக்குள் சொருகியிருந்தாள். யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த கிழவிக்கு மூன்று வருஷம் அதில்தான் துவையல் அரைத்தாள். பங்கு வைத்தவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெரியம்மை: [குரல் பதிவு 0:09]

பெரியம்மை: [குரல் பதிவு 3:55]

அப்பா: சுரேஷ், அம்மை என்ன சொல்கிறாள்?

சுரேஷ் அண்ணன்: முதலாவது 'யாரைச் சொல்கிறாய்'. இரண்டாவதை நான் திறக்கவில்லை.

ராஜன் சித்தப்பா: [படம்]

ராஜன் சித்தப்பா: இருக்கிறது. எறும்போடு. இது எப்படி உள்ளே போச்சு என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

சரோஜா மாமி: மழையில் எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள். சாமானோடு சுருண்டு வந்திருக்கும். விடு.

விக்னேஷ் பெங்களூர்: தானாகவே சுருண்டு, தானாகவே வாழைநாரால் கட்டிக்கொண்டதா மாமி

சரோஜா மாமி: நீ கவிதை எழுது.

பெரியப்பா: உருளியை நாளையே பூதப்பாண்டிக்கு அனுப்பி வைக்கவும்.

அப்பா: ஆண்டை தக்கலையிலேயே வைத்தால் என்ன அண்ணே? அம்மை கடைசியில் இருந்ததும் அங்கேதானே. உருளியும் அங்கே இருக்கிறது.

பெரியப்பா: ஆலோசிக்கலாம்.

சுரேஷ் அண்ணன்: நான் பூதப்பாண்டிக்குத் தவசிப்பிள்ளைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்

அம்மா: அவர் தக்கலைக்கும் வருவார்.

பெரியம்மை: [குரல் பதிவு 4:10]

(இரவு 9:26)

தங்கம் சித்தி: மைனி, பாகு காய்ந்து பிடித்திருக்கிறது. எலுமிச்சை போடலாமா?

சரோஜா மாமி: புளி போடு. கொஞ்சம் சாம்பலும். ஸ்டீல் நார் வேண்டாம், கோடு விழும். அம்மை தேங்காய்ச் சவுரியில்தான் தேய்ப்பாள்.

தங்கம் சித்தி: தெரியும் மைனி. நான்தானே தேய்த்துக் கொடுப்பேன்.

சரோஜா மாமி: ஆமா.

சரோஜா மாமி: சனிக்கிழமை வருகிறேன். கொஞ்சம் மரச்சீனி அவித்து வை.

விக்னேஷ் பெங்களூர்: மாமி, அந்த முதல் கதை இருக்கிற புத்தகத்தை எனக்கு அனுப்ப முடியுமா

திவ்யா: முதலில் நான் கேட்டேன்

ராஜன் சித்தப்பா: உருளியை எடுத்தாச்சு. எறும்பு இன்னும் போகவில்லை. யாராவது பதில் சொல்லுங்கள்.